உருதுக் கணக்கு

உ

சின்ன காஞ்சிபுரம்
3-7-1972

அடி ஜோஹரா,

பெங்களூர்க் குளிரில் நீ சுகமாகச் சால்வைக்குள் சுருண்டிருப்பாய். இங்கே நான் வெயிலில் தெருத் தெருவாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். முதலில் அதைக் கேள், சௌக்கியம் எல்லாம் அப்புறம் விசாரிக்கலாம்.

உன் கிளிக்குக் கண் இல்லை.

போன மாதம் அட்டை குத்தி அனுப்பினாயே, கொடியும் கிளியுமாக ஒரு கரை, அதைத்தான் சொல்கிறேன். புதுசாக இருக்கிறது என்று ஆசைப்பட்டு நம் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் வாங்கி, ஜக்கார்டு பெட்டியில் ஏற்றி, நெய்யவும் ஆரம்பித்துவிட்டார்கள். தறியில் புடவையின் முகம் கீழ்ப்பக்கம் அல்லவா இருக்கும்? வடிவாம்பாள்தான் முதலில் குனிந்து கண்ணாடி பிடித்துப் பார்த்திருக்கிறாள். மூக்கு அழகு, இறக்கை அழகு, கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெறும் ஜரிகை. "இன்னாம்மா லோகா, குருட்டுக் கிளியை எங்க தலையில கட்டிட்டே?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நான் என்ன சொல்வேன்? அட்டையில் ஓட்டை இருந்தால்தானே தறி கண் நெய்யும்!

உங்கப்பாவும் அங்கேதான் இருந்தார், பெட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு. "என் பொண்ணு தூங்கிக்கினே குத்தியிருக்கா" என்றார் லியாகத் மாமா. வடிவாம்பாளே சிரித்துவிட்டாள். அந்த மனுஷர் இருந்ததால் தப்பித்தேன்.

சரி, சீக்கிரம் திருத்திக் குத்தி அனுப்பு. நம்மிடம் கரை வாங்கினால் திருத்தம் வீடு தேடி வரும், அதற்குத் தனியாகக் காசு கிடையாது என்று எல்லாரிடமும் வாய் கிழியச் சொல்லித்தானே விற்றிருக்கிறேன்.

இன்னொரு கூத்து கேள். வடிவாம்பாள் தெருக்கோடியில் மயில்வாகனம் என்று ஒருத்தன். யாருடைய அட்டையையோ இரவல் வாங்கி, எங்கேயோ கொடுத்துக் காப்பி குத்திக்கொண்டு, நம் கிளியைத்தான் நெய்கிறான். அவனும் வந்து நிற்கிறான், "எனக்கும் ஒரு கண்ணு குடும்மா" என்று. "வாங்கினவங்களுக்குத்தான்பா கண்ணு. உன் கிளி குருடாவே பறக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். தெருவே சிரித்தது. என் வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா?

உன் லோகா

*

786

பெங்களூர்
9-7-1972

அன்புள்ள லோகா,

தப்பு என்னுடையதுதான். வரைபடத்தில் கண் இருக்கிறது. நான் குத்தும்போது சின்னவனுக்குக் காய்ச்சல், மடியை விட்டு இறங்கவில்லை. மூன்று அட்டைகளில் ஓட்டையை விட்டுவிட்டேன். யார் கேட்டாலும் ஜோஹரா தப்பு செய்துவிட்டாள் என்றே சொல், மழுப்பாதே.

எல்லா வீட்டுக்கும் சேர்த்து மாற்று அட்டைகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று. முதல் அட்டையில் சிவப்பு மையால் பொட்டு வைத்திருப்பேன், பார்த்திருப்பாய். அதிலிருந்து எண்ணிக்கொண்டு போய், பதினாறு, பதினேழு, பதினெட்டு, இந்த மூன்றையும் கழற்றிவிட்டுப் புதியவற்றை அதே வரிசையில் கோர்க்க வேண்டும். எல்லா அட்டையிலும் எண் எழுதிவிட்டால் உனக்குச் சுலபம்தான். ஆனால் காப்பி அடிக்கிறவனுக்கும் சுலபம் என்று அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

முடிந்தவரை நீயே ஏறிக் கோர்த்துவிடு. நெய்கிறவர்கள் அவசரத்தில் இருப்பார்கள், மாற்றிக் கோர்த்துவிட்டால் இதைவிடக் கேவலமாகிவிடும்.

மயில்வாகனத்துக்குக் கொடுக்காதது சரி. ஆனால் தெருவில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டாம். உன் நாக்கில் ஒரு ஜரிகைக் கத்தரி இருக்கிறது, லோகா. பள்ளிக்கூடத்தில் அதனால் எனக்கு நிறையப் பாதுகாப்பு கிடைத்தது, மறக்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

அப்பாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

ஜோஹரா

*

சின்ன காஞ்சிபுரம்
5-8-1972

ஜோஹரா,

இந்தத் தடவை அடியும் கிடையாது, பிடியும் கிடையாது. கோபமாக இருக்கிறேன்.

நீ சொன்னபடியே வீடு வீடாகப் போனேன். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தறிமேலும் ஏறி, நூலை அறுத்து, எண்ணி, கழற்றி, கோர்த்து, முடிச்சுப் போட்டேன். கடைசியில் கால் சுளுக்கிக்கொண்டது. ஏனாத்தூர் முருகேசனுக்கு மட்டும் எங்கள் அரிசிக்கடை வண்டியில் மூன்று அட்டையும், நீ சொன்ன எண்களை எழுதிய ஒரு சீட்டும் கொடுத்தனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை வடிவாம்பாள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நொண்டிக்கொண்டே போனேன். அவள் தறியில் ஓடுவது கல்யாணப் புடவை. மாப்பிள்ளை வீட்டார் தறியிலேயே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள். கிளிக்குக் கண் வந்திருந்தது, ஜோஹரா. கழுத்தில். அது மட்டும் இல்லை, அதற்குக் கீழே கத்தி வைத்து இழுத்தது போல ஒரு கோடு. கல்யாணப் புடவையில், கரை முழுக்க, கழுத்தறுபட்ட கிளி! மாப்பிள்ளையின் தாய்மாமன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வடிவாம்பாள் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே அழுகிறாள். வாசலில் தெருவே கூடிவிட்டது. எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது இப்போது முக்கியமில்லை. சிரித்தார்கள். தாய்மாமன்கூடச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கோபம் நிற்குமா? கெட்டதைப் பிரித்துவிட்டு நெய்து கொடுங்கள், காத்திருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். எல்லாரும் கிளியை நிறுத்திவிட்டுப் பழைய கரைக்குப் போய்விட்டார்கள். நீ மறுபடியும் தப்பாகக் குத்தியிருக்கிறாய். முதல் தடவை காய்ச்சல், இந்தத் தடவை என்ன?

லோகாம்பாள்

*

பெங்களூர்
11-8-1972

அன்புள்ள லோகா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பாட்டை மூடி வைத்தேன். என்னிடம் இருக்கும் செட்டில் அதே மாதிரி மூன்று அட்டைகளைக் கோர்த்து, பக்கத்துத் தறியில் கெஞ்சி, ஒரு சாண் ஓட்டிப் பார்த்தேன். கண் கண்ணில்தான் இருக்கிறது. கழுத்து கழுத்தாக இருக்கிறது. துணியை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே பார்.

எல்லா வீட்டு அட்டைகளையும் ஒரே மாதிரியைப் பார்த்துத்தான் குத்தினேன். நான் தப்பாகக் குத்தியிருந்தால் எல்லா வீட்டிலும் கெட்டிருக்க வேண்டும். எந்த வீட்டிலாவது சரியாக வந்ததா? விசாரித்து எழுது. நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. எங்கே தப்பு என்று தெரியாமல் அடுத்த அட்டையைக் குத்த எனக்குக் கை வரவில்லை.

ஏதோ சொல்லிச் சமாளித்ததாக எழுதியிருக்கிறாய். நீ எப்போதும் உன் வாய்ச் சாமர்த்தியத்தை வரி விடாமல் எழுதுகிறவள். மயில்வாகனத்திடம் சொன்னதைக்கூட எழுதினாய். இதை ஏன் எழுதவில்லை? என்ன சொன்னாய்?

அப்பாவிடமிருந்து கடிதமே இல்லை. பார்த்தாயா?

ஜோஹரா

*

சின்ன காஞ்சிபுரம்
24-8-1972

ஜோஹராவுக்கு,

துணி வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. பெங்களூர்த் தறியில் சரி, காஞ்சிபுரத்துத் தறியில் தப்பு என்றால் நான் என்ன சொல்ல முடியும்? ஏனாத்தூர் முருகேசன் வீட்டில் மட்டும் கெடவில்லையாம். அவனுக்கு ஏதோ அதிர்ஷ்டம்.

என்ன சொன்னாய், என்ன சொன்னாய் என்று போலீஸ்காரர் மாதிரி கேட்கிறாய். பத்துப் பேர் கூடி நின்று கழுத்தைப் பிடிக்கும்போது ஆயிரம் பேசுவோம். அதை எல்லாம் எழுதி வைத்துக்கொள்ள முடியுமா? உனக்கும் சேர்த்துத்தான் வியாபாரத்தைக் காப்பாற்றினேன்.

உங்கப்பாவுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார். போன வாரம்கூடத் தூரத்தில் பார்த்தேன். கூப்பிட்டேன், அவர் காதில் விழவில்லை.

பேனா சரியாக எழுதவில்லை. நிறுத்துகிறேன்.

லோகாம்பாள்

*

786

பெங்களூர்
9-9-1972

லோகாம்பாளுக்கு,

அப்பா இங்கே வந்துவிட்டார். ஒரு துணிப்பையும் ஜக்கார்டு ரிப்பேர் சாமான் பெட்டியும் மட்டும்தான் கையில். ஒரு மாறுதலுக்காக வந்தேன் என்றார். என் கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன், இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை. இப்போது வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

முந்தாநாள் உங்கள் ஊர்ப் பட்டு வியாபாரி ஒருவர் எங்கள் அட்டைக் கடைக்கு வந்தார். எங்களை யாரென்று அவருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் அட்டைக் கட்டுகளை எண்ணிக் கொடுக்கும்போது ஒன்று தவறிவிட்டது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "இன்னா பாய், உருதுக் கணக்கா?" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. அவரே ஆசையாகச் சொன்னார்.

"எங்க ஊர்ல லோகாம்பாள்னு ஒரு அம்மா, அட்டை விக்கிறாங்க. கிளி கழுத்து அறுந்து போச்சுன்னு பெரிய சண்டை. அந்தம்மா சொல்லுச்சு பாரு ஒரு வார்த்தை! 'நான் இன்னா பண்றது, அட்டை குத்துறவ உருது படிச்சவ. அவங்க எழுதுறது மாதிரியே வலப்பக்கத்துலேர்ந்துதானே எண்ணுவாங்க, அப்பனுக்கும் அதே கணக்கு, பொண்ணுக்கும் அதே கணக்கு'ன்னு. ஊரே சிரிச்சுது. இப்ப எவன் எண்ணிக்கை தப்புனாலும் எங்க பக்கம் உருதுக் கணக்குதான்."

அப்பா அவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தவில்லை. ஊற்றி முடித்து, கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். இதை அப்பா முதல் தடவையாகக் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டீச்சரிடம் குட்டு வாங்கி எண்ணக் கற்றவர்கள். பதினாறாம் வாய்ப்பாடு உனக்கு வராது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன், தமிழில்.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. ஏனாத்தூரில் சரியாக வந்தது. அங்கே எண்ணிக் கோர்த்தது முருகேசன். மற்ற வீடுகளில் எண்ணியது யார்?

ஜோஹரா

*

சின்ன காஞ்சிபுரம்
14-9-1972

ஜோஹரா,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் எண்ணியதிலா தப்பு, பார்த்துவிடலாம் என்று வீட்டில் இருக்கும் செட்டை எடுத்துக் கூடத்தில் நீளமாக விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்புப் பொட்டிலிருந்து விரல் வைத்து எண்ணினேன். லாபம், ஒன்று, இரண்டு, மூன்று.

அதே நேரத்தில் முன்பக்கம் கடையில் இவர் யாருக்கோ அரிசி அளந்துகொண்டிருந்தார். லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு. அவர் குரலும் என் குரலும் சேர்ந்தே போயின. ஐந்தாவதில் என் விரல் நின்றுவிட்டது.

உனக்குத் தெரியும், அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். எல்லார் வீட்டிலும் அடுத்த படி இரண்டு. எங்கள் மாமியார் வீட்டில் மட்டும் முதல் படி பெருமாளுக்கு என்று தனியாகக் கொட்டிவிடுவார்கள், கணக்கில் சேராது. அதனால் லாபத்துக்கு அடுத்தது இங்கே ஒன்று. கல்யாணமாகி வந்ததிலிருந்து அரிசி, தேங்காய், வறட்டி, எதை எண்ணினாலும் என் வாய் அப்படியே போகிறது. அப்படிப் போகிறது என்பதே எனக்குத் தெரியாது. தறிமேல் ஏறி உட்கார்ந்தபோதும் சிவப்புப் பொட்டு அட்டையை லாபம் என்று தள்ளிவிட்டு, அடுத்ததை ஒன்று என்று ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அட்டை தள்ளி, உன் கிளியின் கண்ணை நான்தான் அதன் கழுத்தில் வைத்தேன். ஏனாத்தூர் முருகேசன் சாதாரணமாக எண்ணியிருக்கிறான். அவ்வளவுதான் அவன் அதிர்ஷ்டம்.

இவரிடம் சொன்னேன். "தெரியாம பண்ணதுதானே, விடு" என்றார். எண்ணியது தெரியாமல் செய்ததுதான், ஜோஹரா. சொன்னது தெரிந்தே சொன்னது. நீ எப்படி எண்ணுவாய் என்று எனக்குத் தெரியாதா? ஒரு நொடிகூட அதை நான் நம்பவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று மட்டும் தெரிந்தது. உன்னைச் சொன்னது போதாதென்று மாமாவையும் சேர்த்துக்கொண்டேன், ஏனென்றால் முதல் பாதிக்கு வந்த சிரிப்பு எனக்குப் போதவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது கால் வலியே தெரியவில்லை. அவ்வளவு பெருமையாக நடந்து வந்தேன். அதை நினைத்தால் இப்போது சோறு இறங்கவில்லை.

மாமாவைப் பார்த்தேன், கூப்பிட்டேன் என்று எழுதினேன். பார்த்தது நிஜம். டீக்கடையில் எவனோ பிஸ்கட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்து, "பாய், எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணட்டும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். மாமா சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். நான் எதிர்ச் சாரியில் வந்துகொண்டிருந்தேன். நான் கூப்பிடவில்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிட்டேன். சின்ன வயதில் எனக்கு ரம்ஜான் துணி எடுத்துக் கொடுத்த மனுஷர்.

அந்தத் தெருவில் அவரை ஜக்கார்டு ரிப்பேருக்குக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள் என்று இப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வேலை தெரியாதவர் என்று யாரும் சொல்லவில்லை. அவர் வந்தால் சிரிப்பு வருகிறதாம்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதவே கூசுகிறது. நான் என்ன செய்ய வேண்டும், சொல்.

லோகா

*

786

பெங்களூர்
22-9-1972

லோகாம்பாளுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பாவம் அந்தப் பொண்ணு" என்றார். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. உன்னை நினைத்தால் எரிகிறது. உன் கடிதத்தில் நீ சோறு இறங்காமல் இருப்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்பா இங்கே அட்டை சரிபார்க்கிறார். ஒவ்வோர் அட்டையையும் விரலால் தொட்டு, இடப்பக்கத்திலிருந்து, வாய்விட்டுத் தமிழில் எண்ணுகிறார். கடைக்கு யாராவது வந்தால் இன்னும் சத்தமாக எண்ணுகிறார். என் ஆயுசில் அவர் வாய்விட்டு எண்ணி நான் கேட்டதில்லை. கண்ணால் ஒரு தடவை ஓட்டினால் போதும் அவருக்கு. "ஏன் தாத்தா கத்துறீங்க?" என்று என் பிள்ளை கேட்கிறான். அவர் அடுத்த அட்டையை எடுத்துக்கொள்கிறார்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறாய். திருத்தம் வந்தால் வீடு தேடி வரும் என்று வாக்குக் கொடுத்தவள் நீதானே. போ.

புதிதாக அட்டை எதுவும் வேண்டாம். கழற்றிய பழைய அட்டைகள் உன்னிடம்தான் இருக்கும். பதினாறாவதாக இருக்கும் குருட்டு அட்டையை எடுத்துவிட்டு, கழற்றியவற்றில் கடைசி அட்டையைப் புதிய மூன்றுக்கும் அடுத்தாற்போலக் கோர்த்தால் கிளி சரியாகிவிடும். ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் தறிமேல் ஏறி, எல்லார் எதிரிலும், அன்று எண்ணிய மாதிரியே வாய்விட்டு எண்ணு. உன் கணக்கு என்னவென்று அவர்கள் காதால் கேட்கட்டும்.

மயில்வாகனம் வீட்டுக்கும் போ. இந்தத் திருத்தம் காசு கொடுக்காதவர்களுக்கும் உண்டு.

நம் வியாபாரம் என்ன ஆகும் என்று இப்போது கேட்காதே. எனக்குத் தெரியாது.

ஜோஹரா

*

சின்ன காஞ்சிபுரம்
15-10-1972

ஜோஹரா,

போனேன். எல்லா வீட்டுக்கும் போய்விட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வடிவாம்பாள் வீட்டில்தான் ஆரம்பித்தேன். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களை நானே கூப்பிட்டு நிற்க வைத்தேன். கிளி அட்டைகளை மறுபடியும் பெட்டியில் ஏற்றச் சொல்லி, தறிமேல் ஏறி உட்கார்ந்து, லாபம், ஒன்று, இரண்டு என்று பதினாறு வரை எண்ணினேன். "இதுதான் கழுத்தை அறுத்தது. ஜோஹரா சரியாத்தான் குத்தியிருக்கா. அவளையும் அவங்கப்பாவையும் நான் சொன்னது பொய்" என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

நான் என்னவோ காறித் துப்புவார்கள் என்று பயந்துகொண்டு போனேன். அப்படி ஒருத்தரும் செய்யவில்லை. "அதுக்கு இன்னாம்மா இப்போ? கிளி சரியா வந்தா சரி" என்றாள் வடிவாம்பாளின் மாமியார். வடிவாம்பாள் மட்டும், "அன்னிக்கு நானும்தான் சிரிச்சேன் லோகா" என்றாள். அட்டையைக் கோர்த்தேன். மிதியை மிதித்து ஒரு சாண் நெய்து பார்த்தாள். கிளி சரியாக வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குக் காபி கொடுத்தார்கள். அந்தக் காபியைக் குடித்தது இருக்கிறதே, திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மற்ற வீடுகளிலும் அப்படித்தான். அட்டையில் செய்த திருத்தத்தை ஆசையாக வாங்கிக்கொண்டார்கள். வாயால் சொன்ன திருத்தத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில், "உங்க மாமியார் வூட்டுக் கணக்கா?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். அடுத்த வாரமே அதை மறந்துவிடுவார்கள் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. மற்றதை மறக்க மாட்டார்கள்.

மயில்வாகனத்துக்கும் என் வீட்டுச் செட்டுக்கென்று வைத்திருந்த மூன்று அட்டையைக் கொடுத்துக் கோர்த்தும் கொடுத்தேன். வாய் பிளந்து பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு, "இது இன்னாம்மா, அன்னிக்கு சொன்னதுல இருந்த தமாஷு இதுல இல்லையே" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் சொன்னது நிஜம்.

அட்டை வாங்கினவர்கள் வீடு எனக்குத் தெரியும், ஜோஹரா. அந்தப் பேச்சை யார் யார் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரிடமிருந்து யார் காப்பி எடுத்தார்களோ. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் சந்தையில், கோயில் வாசலில், குழாயடியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். லோகாம்பாளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று இவரிடம் வந்து சொன்னார்களாம்.

கடைசியாக இன்று ஏனாத்தூருக்குக் கிளம்பினேன். முருகேசன் தறியில் கெடவில்லைதான், ஆனாலும் ஏன் கெடவில்லை என்று அவனுக்கும் தெரிய வேண்டும் என்று பஸ் ஏறினேன். இதற்கு மேல் எழுதுவதை உனக்கு எழுதாமலே விட்டிருக்கலாம். உனக்கு எப்படியும் தெரியப்போவதில்லை.

பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் சின்ன வயசுக்காரர், தமாஷாகப் பேசிக்கொண்டே வந்தார். தலையை எண்ணினார், டிக்கெட்டை எண்ணினார், சரியாக வரவில்லை. மறுபடியும் எண்ணினார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு, "அடச்சே, உருதுக் கணக்கு போட்டுட்டேன்பா" என்றார். அவர் அடித்துக்கொண்ட விதம் அப்படி, பஸ்ஸே சிரித்தது.

நானும் சிரித்துவிட்டேன், ஜோஹரா. என்னவென்று மூளைக்கு எட்டுவதற்குள் வாய் சிரித்து முடித்துவிட்டது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்து, சேர்ந்து சிரிக்கிறவளைப் பார்ப்பதுபோலச் சிரித்தாள்.

எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அது பொய்ப்பா. அந்தப் பேச்சு என்னுது. நான்தான் சொன்னேன். அப்படி ஒரு கணக்கே கிடையாது" என்றேன். ஒருத்தருக்கும் புரியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் நல்ல மாதிரி, அருகில் வந்து, "உட்காரும்மா, ரோடு சரியில்ல, வுழுந்துடுவே" என்றார்.

சீட்டு காலியாகத்தான் இருந்தது. ஏனாத்தூர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

லோகா